"யாரு செத்துட்டாங்கன்னு இந்தப் பிடில்?": ஆவணப்படமும் பின்னணி இசையும்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு எங்க ஆயாகிட்ட நான் வாங்கின திட்டுல இருந்து ஆரம்பிக்குது.

எங்க ஊர் அத்திப்பட்டு. பேரைச் சொன்னதும் பாதிப் பேர் "சிட்டிசன் படத்துல வர ஊரா?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க. 2001-ல் வந்த அந்த அஜித் படத்துல வர்றது அத்திப்பட்டி. வரைபடத்துல இருந்தே காணாமப் போன ஒரு கற்பனைக் கிராமம். எங்க ஊர் இன்னும் வரைபடத்துல இருக்கு. சென்ட்ரல் பக்கம் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்க. எண்ணூர் தாண்டினதும் கொசஸ்தலை ஆத்துப் பாலம் வரும். பாலத்து மேல ஏறினதும் ட்ரெயின் சத்தமே மாறும். அதுக்கு அடுத்து அத்திப்பட்டு புதுநகர், அதுக்கும் அடுத்து அத்திப்பட்டு.

ஆயாவுக்கு இப்போ 78 வயசு. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து ஆத்துல இறங்கி இறால் பிடிச்சவங்க. அவங்களைப் பத்தி 22 நிமிஷத்துல ஒரு படம் எடுத்தேன். வீட்டுத் திண்ணையில உக்காந்து இறால் உரிச்சுக்கிட்டே பேசுவாங்க. முதல்ல புகைக்கூண்டு வந்தது, அப்புறம் துறைமுகம் வந்தது, சாம்பல் வந்தது, எல்லாம் சொல்லிட்டு கடைசியா ஒரு வரி: "அதுக்கப்புறம் நான் ஆத்துக்குப் போறதில்ல." அவ்ளோதான். கேமராவைப் பாக்காம அடுத்த இறாலை எடுப்பாங்க.

எடிட் பண்ணும்போது அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுது. உடனே இணையத்துல ஒரு இசைக் கிடங்குல தேடி, 'சோகம், வயலின், மெதுவா'ன்னு வடிகட்டி ஒரு டிராக் எடுத்துப் போட்டேன். அந்த வரிக்கு நாலு செகண்டு முன்னாடியே வயலின் மெதுவா உள்ள வரும். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சாங்க. எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் ஆயாவுக்குக் காட்டினேன். அந்த இடம் வந்ததும், "நிறுத்து"ன்னாங்க. "யாரு செத்துட்டாங்கன்னு இந்தப் பிடில் வாசிக்கிறான்?"

"இல்ல ஆயா, சோகமான இடம்னு..."

"சோகம்னு நான் உன்கிட்ட சொன்னேனா? நான் கோவத்துல இல்ல சொன்னேன்."

சத்தத்தை மியூட் பண்ணிட்டு மறுபடி பாத்தேன். ஆமாங்க, கோவம்தான். தாடை இறுகியிருக்கு. இறால் தலையைக் கிள்ளுற வேகம் கூடியிருக்கு. அது முழுக்க என் ஃபுட்டேஜ்ல இருந்துச்சு. நான் போட்ட வயலின் அந்தக் கோவத்தைப் பரிதாபமா மாத்திடுச்சு. ஒரு சொல்லைக்கூட வெட்டாம, அவங்க சொன்னதோட அர்த்தத்தையே மாத்திட்டேன்.

இன்னைக்கு நாம பேசப்போற கேள்வி இதுதான். ஆவணப்படத்துல இசை வரும்போது பேசுறது யாரு? படத்துல இருக்குறவங்களா, எடுத்தவங்களா, காசு குடுத்தவங்களா? இந்தக் கேள்விக்கு கிட்டத்தட்ட 90 வருஷ வரலாறு இருக்கு.

ரயிலும் உப்புத்தாளும்

1936. பிரிட்டன்ல அஞ்சல் துறைக்கே சொந்தமா ஒரு படப் பிரிவு இருந்துச்சு. அவங்க எடுத்த படம் 'நைட் மெயில்'. லண்டன்ல இருந்து ஸ்காட்லாந்துக்கு ராத்திரியில கடிதம் கொண்டுபோற ரயிலைப் பத்தின படம். அதுக்கு இசை பெஞ்சமின் பிரிட்டன். அப்போ அவருக்கு 22 வயசு. பிற்காலத்துல இங்கிலாந்தோட பெரிய இசையமைப்பாளர்கள்ல ஒருத்தர் ஆனவர். கடைசிப் பகுதியில வர்ற கவிதையை எழுதினவர் டபிள்யூ. எச். ஆடன்.

பிரிட்டன்கிட்ட பெரிய இசைக்குழு கிடையாது. அவர் வாத்தியங்களோட உப்புத்தாள், சுத்தியல் மாதிரி பொருள்களையும் சேர்த்து ரயிலோட ஓசையைத் தாளமா உருவாக்கினார். ரயில் வேகம் எடுத்தா கவிதையும் வேகம் எடுக்கும். அந்த இசை ரயிலோட வேலையில இருந்தே பொறந்தது. வெளியில இருந்து ஒரு உணர்ச்சியைக் கொண்டுவந்து ரயில் மேல ஒட்டல.

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தினமும் போய்வந்த எனக்கு இது புரிஞ்சிருக்கணும். ஒரு இடத்துக்குன்னு ஏற்கெனவே ஒரு தாளம் இருக்கும். அதைக் கேட்டுட்டுத்தான் இசையைத் தேடணும். நான் தலைகீழா செஞ்சேன்.

எண்ணெய்க் கம்பெனி காசு, அழகான இசை

அடுத்து 1948. இந்தக் கதை நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ரொம்ப நெருக்கமானது.

ராபர்ட் ஃபிளஹர்ட்டி ஆவணப்பட உலகத்தோட முன்னோடின்னு சொல்லப்படுறவர். அவர் எடுத்த 'லூசியானா ஸ்டோரி' அமெரிக்காவுல சதுப்பு நிலத்துல வாழுற ஒரு சிறுவனைப் பத்தினது. அந்த அமைதியான நீர்ப்பரப்புக்கு ஒருநாள் எண்ணெய் துளைக்கிற கோபுரம் மிதந்து வருது. பையன் பயப்படல, அதோட நட்பாகிடுறான். கடைசியில கோபுரம் போயிடுது, சதுப்பு நிலம் பழையபடி அமைதியா இருக்கு. படத்துக்குக் காசு குடுத்தது ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி.

இசை விர்ஜில் தாம்சன். அந்தப் பகுதி மக்களோட நாட்டுப்புற மெட்டுகளை எடுத்து, அவ்வளவு அழகா கோத்திருந்தார். 1949-ல் அந்த இசைக்கு புலிட்சர் பரிசு கிடைச்சுது. ஒரு சினிமா இசைக்கு அந்தப் பரிசு கிடைச்சது அந்த ஒரே முறைதான்.

யோசிச்சுப் பாருங்க. மெட்டு அந்த மண்ணோடது. காசு எண்ணெய்க் கம்பெனியோடது. இசை பொய்யான ஒரு சொல்லைக்கூடச் சொல்லல. ஆனா பாக்குறவன் மனசுல 'இந்தக் கோபுரமும் இந்த ஆறும் சேர்ந்து வாழலாம்'ங்கிற நிம்மதியைக் கொண்டுவந்து வெச்சுது. "உள்ளூர் இசை போட்டா நேர்மையா இருக்கும்"னு நாம நினைக்கிறோம் இல்லையா? அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு இந்தப் படம் காட்டுது.

அதே படத்துல இன்னொரு பாடமும் இருக்கு. ராத்திரியில துளையிடுற காட்சி வரும். இரும்புச் சங்கிலி, குழாய், ஆளுங்க ஓடுறது. அங்க தாம்சன் இசை கிடையாது. எடிட்டர் ஹெலன் வான் டோங்கன் இயந்திரங்களோட சத்தத்தை மட்டுமே அடுக்கடுக்கா கோத்து அந்தக் காட்சியைக் கட்டினார். எடிட்டிங் படிக்கிறவங்க இன்னைக்கும் பாடமா எடுத்துப் பாக்குற பகுதி அது. எதை உணரணும்னு இசை நமக்குச் சொல்லாததால, அங்க நாம நம்ம கண்ணாலயே பாக்குறோம்.

நம்ம காது பழகின விதம்

சரி, சோகம்னா வயலின், முன்னேற்றம்னா எழுச்சி இசைன்னு நம்ம காதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? சினிமாதான்னு சட்டுனு சொல்லிடலாம். ஆனா உங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. அவங்க காலத்துல தியேட்டர்ல மெயின் படத்துக்கு முன்னாடி ஒரு கறுப்பு வெள்ளைச் செய்திப்படம் ஓடும். 1948-ல் மத்திய அரசு தொடங்கின ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது. தியேட்டர்காரங்க அதைக் கட்டாயம் ஓட்டியே ஆகணும். அணை திறப்பு, ஆலை திறப்பு, புது ரயில் எஞ்சின். கனமான குரல்ல ஒரு வர்ணனை, கீழ எழுச்சியான இசை.

அந்த நிறுவனத்துக்குள்ளயே இதை உடைச்சவங்களும் இருந்தாங்க. 1967-ல் சுக்தேவ் எடுத்த 'இந்தியா 67' படத்துல வர்ணனைக் குரலே கிடையாது. நாடு முழுக்கச் சுத்தி, படத்தையும் ஒலியையும் இசையையும் மட்டும் வெச்சுக் கோத்தார். அரசு காசுல எடுத்த படம்தான். ஆனா 'இதைப் பார்த்து இப்படி நினை'ன்னு சொல்ற குரலை எடுத்துட்டார்.

இப்போ எங்க ஊருக்கு வாங்க. அத்திப்பட்டுல வட சென்னை அனல்மின் நிலையத்தோட முதல் யூனிட் 1994-ல் ஓட ஆரம்பிச்சுது. அதுக்கு நிலக்கரி கொண்டுவரத்தான் எண்ணூர் துறைமுகமே திட்டமிடப்பட்டுச்சு. 2001-ல் திறந்தாங்க. இன்னைக்கு அதுக்குக் காமராஜர் துறைமுகம்னு பேரு. ஆத்துக்குத் தெக்கால இருந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல இருந்து ஓடி, 2017-ல் மூடப்பட்டுச்சு. இந்த மாதிரி இடங்களை ட்ரோன்ல எடுத்து வர்ற விளம்பர வீடியோ எதையாவது பாருங்க. சூரிய உதயம், புகைக்கூண்டு, மெல்ல ஏறுற இசை. அந்தப் பழைய செய்திப்பட இசையோட பேரப் பிள்ளைதான் இது. அதே புகைக்கூண்டை எடுத்து, கீழ சோக வயலின் போட்டா அது என்னோட ஆவணப்படம். ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செஞ்சிருக்கோம். பாக்குறவங்க பாக்குறதுக்கு முன்னாடியே முடிவைச் சொல்லிட்டோம்.

கொடூரத்துக்குக் கீழ மெல்லிய இசை

இசையே வேணாம்னு சொல்றேனா? இல்ல. 1956-ல் வெளியான 'நைட் அண்ட் ஃபாக்' பாருங்க. அலென் ரெனே எடுத்த 32 நிமிஷப் படம். நாஜி வதைமுகாம்களைப் பத்தினது. வர்ணனை எழுதின ஜான் கேரோல் அந்த முகாம்ல இருந்து உயிர் தப்பி வந்தவர். இசை ஹான்ஸ் ஐஸ்லர். நாஜிகளால நாட்டை விட்டு ஓடினவர், பிரெக்ட்டோட சேர்ந்து வேலை செஞ்சவர். சினிமா இசையைப் பத்தி தியோடர் அடோர்னோவோட சேர்ந்து எழுதின அவரோட புத்தகம் 1947-ல் வந்துச்சு. படத்துல தெரியுறதையே இசை திருப்பிச் சொல்லக் கூடாதுங்கிறது அதுல ஒரு முக்கியமான வாதம்.

இந்தப் படத்துல அதைச் செஞ்சு காட்டினார். திரையில பாக்க முடியாத காட்சிகள் வரும்போது இசை பெருசாகாது, ஓலமிடாது. சின்னதா, மெலிசா, கிட்டத்தட்ட நிதானமா இருக்கும். "இப்போ அழு"ன்னு அந்த இசை சொல்லல. அதனாலதான் நாம கண்ணை எடுக்க முடியாம பாக்குறோம். ஒரு ஒப்பாரியை அந்த இடத்துல போட்டிருந்தா, அழுது முடிச்சு மனசு லேசாகி எழுந்து போயிருப்போம். அழுகை சில நேரம் தப்பிக்கிற வழிதான். என் நண்பர்கள் கண்ணைத் துடைச்சாங்கன்னு சொன்னேனே, துடைச்சதும் "மச்சான், டீ குடிக்கலாமா?"ன்னாங்க. அப்போ எனக்கு அது உறைக்கல.

இசையைத் தூக்கிப் போட்டவங்க

'லூசியானா ஸ்டோரி'க்கு கேமரா பிடிச்சவர் ரிச்சர்ட் லீகாக். 12 வருஷம் கழிச்சு, 1960-ல், ராபர்ட் ட்ரூவோட சேர்ந்து 'பிரைமரி'ங்கிற படத்தை எடுத்தாங்க. கென்னடியோட தேர்தல் பிரசாரத்தைப் பின்தொடர்ந்த படம். தோள்ல தூக்கிக்கிட்டு ஓடக்கூடிய கேமரா, கையில எடுத்துப் போகக்கூடிய ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் அப்போதான் வர ஆரம்பிச்சுது. நடக்குறதை நடக்குற சத்தத்தோடயே எடுக்க முடியும்னா, ஸ்டூடியோவுல சேர்க்குற இசை எதுக்கு? வர்ணனை எதுக்கு? இப்படி ஒரு தலைமுறையே கிளம்புச்சு.

தனிப்பட்ட படங்கள்னு பாத்தா இதோட உச்சம் எனக்கு ஷான்டால் ஆக்கர்மன் எடுத்த 'நியூஸ் ஃப்ரம் ஹோம்'. 1977-ல் வந்துச்சு. ஊரை விட்டு நியூயார்க் போன பொண்ணு. ஊர்ல இருந்து அம்மா எழுதின கடிதங்களை அவரே படிக்கிறார். திரையில நியூயார்க் தெருவும் சப்வேயும் மட்டும்தான். பின்னணி இசை எதுவும் இல்ல. கார் சத்தம், ரயில் சத்தம் வந்து அம்மாவோட வார்த்தைகளை அப்பப்போ முழுங்கிடும். ஏன் பதில் போடலன்னு அம்மா கேக்குறாங்க, அந்தக் கேள்விக்கு மேல ரயில் போயிடுது. பிரிவுன்னா என்னன்னு அந்தச் சத்தமே சொல்லிடுது. எந்த வயலினும் அதைச் செஞ்சிருக்க முடியாது.

வெளியூர் போய் ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்குப் போன் பேசினவங்க எல்லாருக்கும் இது தெரியும்.

பாட்டே ஆதாரமா

நம்ம நாட்டுல இதுக்கு வேற ஒரு பதில் இருக்கு. ஆனந்த் பட்வர்தன் 1985-ல் எடுத்த 'பாம்பே அவர் சிட்டி' படத்துல குடிசைகளை இடிக்கிறதைப் பத்திப் பாடுறவர் விலாஸ் கோக்ரே. தலித் பாடகர், கவிஞர், தானும் குடிசைப் பகுதியில வாழ்ந்தவர். 1997 ஜூலையில மும்பை ரமாபாய் நகர்ல அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்து மக்கள் கூடினாங்க. போலீஸ் சுட்டதுல 10 பேர் செத்தாங்க. சில நாள்ல விலாஸ் கோக்ரே தூக்குப் போட்டு இறந்துட்டார்.

தனக்குத் தெரிஞ்ச அந்தப் பாடகரோட சாவுல இருந்து பட்வர்தன் ஒரு படத்தை ஆரம்பிச்சார். 14 வருஷம் எடுத்தார். 2011-ல் வந்த 'ஜெய் பீம் காம்ரேட்' அதுதான். மூணு மணி நேரத்துக்கும் மேல ஓடுற அந்தப் படத்துல பாட்டு நிறைய இருக்கு. ஆனா பாடுறவங்களை நாம பாக்குறோம். எந்தச் சேரி, எந்த மேடை, யாரு முன்னாடின்னு தெரியுது. அங்க பாட்டு ஒரு ஆளோட சாட்சியம். உணர்ச்சியை ஏத்த யாரோ கீழ ஓடவிட்ட டிராக் இல்ல.

இதைச் சொல்லும்போது கானா பத்தியும் சொல்லணும். என் படத்தைப் பாத்த இன்னொரு நண்பர், "வடசென்னை படம்டா, வயலின் எதுக்கு? கானா போடு, பறை போடு, செம்மயா இருக்கும்"னார். ஆயா வாழ்நாள்ல கானா கேட்டு நான் பாத்ததில்ல. ஊர்ப் பேரைப் பாத்து அவங்களுக்கு ஒரு இசையை மாட்டிவிட்டா, அது வயலினைவிட நேர்மையாகிடுமா? கானாவுக்குன்னு பாடகர்கள் இருக்காங்க, சாவு வீட்டுல ராத்திரி முழுக்கப் பாடுற மரபு இருக்கு, அரசியல் இருக்கு. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறினப்போ அதை ஊரே கேட்டுச்சு. அதை எடுத்து வெறும் 'ஏரியா ஃபீல்' ஆக்குறது அந்தக் கலைஞர்களுக்கும் மரியாதை இல்ல, ஆயாவுக்கும் மரியாதை இல்ல.

எங்க ஆத்துக்கே வந்த கச்சேரி

இப்போ எங்க ஊர்க் கதை. 2017 ஜனவரி 14, பொங்கல் அன்னைக்கு யூடியூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. 'சென்னை புறம்போக்கு பாடல்'. எழுதினவர் கபேர் வாசுகி, பாடினவர் டி. எம். கிருஷ்ணா, இயக்கம் ரதீந்திரன் பிரசாத். எடுத்த இடம் எண்ணூர் கழிமுகம். சாம்பலுக்கும் புகைக்கூண்டுக்கும் முன்னாடி உக்காந்து ஒருத்தர் கர்நாடக சங்கீதம் பாடுறார். ராகமாலிகை, ஆனந்தபைரவியில ஆரம்பிக்கும். ஆனா வார்த்தை சபாவுல கேக்குற வார்த்தை இல்ல, சென்னைத் தமிழ். புறம்போக்குன்னா திட்டு இல்ல, எல்லாருக்கும் பொதுவான நிலம்னு விளக்குற பாட்டு.

அது ஆவணப்படம் இல்ல, ஒரு இசைக் காணொளி. ஆனா நம்ம கேள்விக்கு அதுல பெரிய பதில் இருக்கு. 'சபா சங்கீதத்தை எதுக்கு எண்ணூருக்குக் கொண்டு வரணும்?'னு கேக்கலாம். நானும் யோசிச்சேன். வித்தியாசம் இதுதான்: அந்த இசை தன்னை மறைச்சுக்கல. பாடுறவர் ஃப்ரேமுக்குள்ளயே இருக்கார். இது ஒரு விருந்தாளியோட குரல்னு பாக்குற எல்லாருக்கும் தெரியும். அந்த ராகத்துக்கும் அந்தச் சாம்பலுக்கும் ஒட்டலன்னு தோணுது இல்லையா, அந்த ஒட்டாமைதான் அங்க விஷயமே. நகரத்தோட ஒரு மூலையில சபா, இன்னொரு மூலையில சாம்பல். ரெண்டையும் ஒரே ஃப்ரேம்ல வெச்சுட்டாங்க.

என் வயலினும் விருந்தாளிதான். ஆனா அது ஆயாவோட மனசுக்குள்ள இருந்து வர்ற மாதிரி நடிச்சுது. தப்பு அங்கதான். இசை எங்கிருந்து வந்ததுங்கிறது பெரிய பிரச்சினை இல்ல. அது யாரோட குரல்ங்கிறதை மறைச்சோமாங்கிறதுதான் பிரச்சினை.

218 டாலர் படமும் உரிமையும்

படம் எடுக்குற நண்பர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். 2003-ல் ஜோனதன் காவெட் தன்னோட அம்மாவைப் பத்தி 'டார்னேஷன்'னு ஒரு படம் எடுத்தார். வீட்டு வீடியோ, பழைய போட்டோ, போன் பதிவு எல்லாத்தையும் ஐமூவில கோத்தது. செலவு 218 டாலர்னு பேசப்பட்டுச்சு. படம் முழுக்க அவருக்குப் பிடிச்ச பாட்டுகள். தியேட்டர்ல வெளியிடணும்னு வந்தப்போ, பாட்டுக்கும் காட்சிகளுக்கும் உரிமை வாங்க வேண்டியிருந்ததால மொத்தச் செலவு சுமார் 4 லட்சம் டாலருக்குப் போச்சுன்னு செய்திகள் வந்துச்சு.

நம்ம ஊர்லயும் '10 செகண்டுக்குள்ள போட்டா பிரச்சினை இல்ல'ன்னு ஒரு நம்பிக்கை சுத்துது. சட்டத்துல அப்படி எந்தக் கணக்கும் இல்ல. இந்தியாவுல ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துல இருந்து 60 வருஷம் உரிமை. பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அவங்க வாழ்நாளும் அதுக்கப்புறம் 60 வருஷமும். அதனால முதல்லயே யோசிங்க. எடிட் முடியுற வரைக்கும் இளையராஜா பாட்டைத் தற்காலிகமா வெச்சுக்கலாம்னு நினைச்சா, அப்புறம் வேற எதுவும் காதுக்குப் பிடிக்காது. ஸ்டான்லி குப்ரிக்குக்கே அது நடந்துச்சு. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு அலெக்ஸ் நார்த் எழுதிக் குடுத்த இசையை ஓரம் வெச்சுட்டு, எடிட்டுக்காகப் போட்டிருந்த பழைய இசையையே படத்துல வெச்சுட்டார்.

மறுபடி எடிட் டேபிள்ல

ஆயா திட்டினதுக்கு அப்புறம் எல்லா இசையையும் எடுத்துட்டேன். ஒரு வாரம் படத்தை இசை இல்லாமலே ஓட்டினேன். முதல்ல தெரிஞ்சது, என் எடிட் எவ்வளவு சுமார்னு. ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல இருந்த ஓட்டையை எல்லாம் இசையை வெச்சு அடைச்சிருந்தேன். அஞ்சு இடத்துல வெட்டை மாத்தினேன். ரெண்டு காட்சியைத் தூக்கினேன்.

அப்புறம் ஒவ்வொரு இடத்துலயும் மூணு கேள்வி கேட்டேன். இங்க இசை வந்தா அது யாரோட குரல்? படத்துல இருக்குறவங்க பக்கத்துல உக்காந்து பாத்தா ஒத்துப்பாங்களா? இசைக்குக் கீழ நான் எந்தச் சத்தத்தை மூடுறேன்?

அந்த மூணாவது கேள்வியிலதான் ஒண்ணு கிடைச்சுது. திண்ணைக் காட்சியோட ஒரிஜினல் ஒலியை முதல் தடவையா ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். முன்னாடி கன்டெய்னர் லாரி சத்தம் தொல்லைன்னு இரைச்சல் குறைக்கிற ஃபில்டரைப் போட்டு, மேல வயலினை ஓட்டியிருந்தேன். ஃபில்டரை எடுத்தேன். லாரி ஹாரன், காக்கா, தூரத்துல லோக்கல் ட்ரெயின். "அதுக்கப்புறம் நான் ஆத்துக்குப் போறதில்ல"ன்னு சொல்லி முடிச்சு ஒரு மூச்சு விட்டதுக்கு அப்புறம், இறால் உரிச்சுக்கிட்டே ஆயா மெதுவா ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறாங்க. வார்த்தை இல்ல, மெட்டு மட்டும். பத்துப் பன்னண்டு செகண்டு இருக்கும். என் படத்துக்கான இசை அந்த ஃபுட்டேஜ்லயே இருந்துச்சு. அதை இரைச்சல்னு நினைச்சு அழிச்சுட்டு, விலைக்கு இசை வாங்கிப் போட்டிருக்கேன்.

இப்போ அந்தக் காட்சியில வேற இசை இல்ல. அவங்க வரி, லாரி, அப்புறம் அந்த முணுமுணுப்பு. அது கோவமா, பழக்கமா, மனசை அடக்கிக்கிற வழியான்னு எனக்குத் தெரியாது. பாக்குறவங்க முடிவு பண்ணட்டும். படத்துல ஒரே ஒரு இடத்துல நானா இசை சேர்த்திருக்கேன். கடைசியில, என் குரல்ல நான் பேசுற இடத்துல. ஒரு நண்பர் கிடார்ல வாசிச்சது. அங்க பேசுறது நான்தான்னு படத்துலயே தெரியும், அதனால அந்த இசைக்கும் நான் பொறுப்பு.

ஆயாவுக்கு மறுபடி போட்டுக் காட்டினேன். திண்ணைக் காட்சி முடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

"பாட்டை ஏன்டா போட்ட? குரல் கேவலமா இருக்கு."

"எடுத்துடவா ஆயா?"

கொஞ்சம் யோசிச்சாங்க. "இருக்கட்டும் விடு. நான்தான பாடுறேன்."

அடுத்த எபிசோடுல பாப்போம். நீங்க எடுக்குற படத்துல எந்த இடத்துல இசையை எடுத்துப் பாத்தீங்க, எடுத்ததும் என்ன கேட்டுச்சுன்னு எழுதுங்க.